ஒரு வருடம் சீலை எடுக்காதீர்கள், டீச்சர்மாரே

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் படிப்பிக்கும் என் அன்புள்ள டீச்சர்மாருக்கு,



சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வருகிற சித்திரையிலிருந்து மறு சித்திரை வரை புடவைக்கடையில் ஒரு சீலைகூட எடுக்காதீர்கள். பேஸ்புக் நேரலையில் ‘இதுதான் அக்கா கடைசிப் பீஸ்’ என்று கூவுகிறவர்களிடமும் வேண்டாம். ஆசிரியர் ஓய்வறைக்கு மூட்டை கட்டிக் கொண்டுவந்து தவணைக்குக் கொடுப்பவர்களிடமும் வேண்டாம். சீட்டுப் பிடித்தும் வேண்டாம். தட்டவே முடியாத தேவை ஒன்று வந்தால், அந்த ஒன்றை மருதமுனைத் தறியிலிருந்து எடுங்கள். கேட்பது இவ்வளவுதான். இதை ஏன் உங்களிடம் கேட்கிறேன் என்பதைச் சொல்லத்தான் மிச்சக் கடிதம்.

இந்த வாவியைச் சுற்றி அதிகமாய்ச் சீலை உடுப்பவர்கள் நீங்கள்தான். தாதிக்குச் சீருடை உண்டு, பிள்ளைகளுக்கு வெள்ளை உண்டு. உங்களுக்குக் கிழமையில் ஐந்து நாளும் சீலை. 2022 நவம்பரில், நாடு விலைவாசியில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது, சில பாடசாலைகளில் ஆசிரியைகள் வேறு உடுப்போடு வேலைக்குப் போனார்கள். சீலைக்குக் கட்டுப்படியாகவில்லை என்றார்கள். கல்வி அமைச்சு இளகவில்லை, சீலைதான் என்றது. அதில் யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் இப்போது போகவில்லை. முஸ்லிம் டீச்சர்மாரில் பலர் அபாயாவோடு வருகிறீர்கள். கடிதம் உங்களுக்கும்தான், சீலை என்று எழுதியிருக்கும் இடத்தில் உடுப்பு என்று வாசித்துக்கொள்ளுங்கள். எனக்கு விளங்காதது ஒன்றுதான். கட்டாயமாய் உடுக்க வேண்டும் என்றுதானே அமைச்சு சொன்னது? கட்டாயமாய்ப் புதிதாக எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது?

சொன்னது நாங்களேதான். வட்ஸ்அப் குழுவில் தகவல் வரும்: விளையாட்டுப் போட்டிக்குப் பச்சை இல்லத்து டீச்சர்மார் எல்லாரும் பச்சை. வாணி விழாவுக்கு மஞ்சள். ஒளி விழாவுக்குச் சிவப்பு. ஆசிரியர் தினத்துக்கு ஊதாவில் வெள்ளிக்கரை. அதிபரின் பிரியாவிடைக்கு எல்லாருக்கும் ஒரே சீலை, மொத்தமாய் எடுத்தால் விலை குறையுமாம். போன வருடத்து மஞ்சளை இந்த வருடம் உடுக்கலாமா என்றால் முடியாது. அதன் படம் பேஸ்புக்கில் கிடக்கிறது. புதிதாய் நியமனம் பெற்று வந்த பிள்ளை முதற் சம்பளத்துக்கு முதலே கடன்படுகிறாள். அவள் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லமாட்டாள். ஓய்வறையில் மூத்த நாற்காலியில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அப்படி எடுக்கிற சீலை என்ன துணி? பெரும்பாலும் பொலியெஸ்டர். ஜோர்ஜெட் என்றும் ஷிபோன் என்றும் மென்பட்டு என்றும் அட்டையில் வேறு பெயர் இருக்கும். பெற்றோலியத்திலிருந்து வந்த நூல் அது. ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கிறபோது குருமண்வெளியில் வாவியைக் கடக்கும் மிதவைப்பாதைக்காகக் காத்து நிற்கும் டீச்சர்மாரைப் பாருங்கள். ஸ்கூட்டியை ஏற்றிவிட்டு, மண்டூர்க் கரை வரும்வரை ஒரு கையால் தலைப்பையும் மறு கையால் பையையும் பிடித்தபடி நிற்பார்கள். அந்தத் துணி வேர்வையைக் குடிக்காது, காற்றையும் விடாது. மூன்றாம் பாடம் முடிவதற்குள் கழுத்தடியில் வேர்க்குரு. வீட்டுக்கு வந்து அலசினால், அலசிய தண்ணியோடு கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் வடிகாலில் இறங்கும். எங்கள் ஊர்களில் வடிகாலுக்கு இரண்டே வழிதான்: வாவி, இல்லாவிட்டால் கடல்.

பருத்திச் சீலைக்கு இந்தக் கரையில் ஒரு முழு ஆயுள் இருந்தது. அதை நீங்கள் கண்டிருப்பீர்கள், குறைந்தது உங்கள் அம்மம்மா கண்டிருப்பார். முதலில் அது வெளிக்கு உடுக்கும் சீலை. கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போகும். நிறம் கொஞ்சம் மங்கினால் பாடசாலைக்கும் கச்சேரிக்கும். இன்னும் மங்கினால் வீட்டுச் சீலை. அந்த நேரம் பார்த்து மகளுக்குப் பிள்ளை பிறக்கும், சீலை ஏணையாகும். துவைத்துத் துவைத்து நூல் இளகியிருப்பதால் புதுச் சீலை தராத மென்மையைப் பழஞ்சீலை தரும். பச்சைப் பிள்ளையின் தோலில் படத் தகுந்தது அதுதான் என்று மருத்துவிச்சிக் கிழவிகளுக்குத் தெரியும். ஏணை கிழிந்தால் நாலாய் மடித்துப் பிள்ளைக்கு விரிப்பு. அதற்குப் பிறகு அடுப்படியில் சட்டி இறக்கும் துணி. கடைசியில் கிழித்துத் திரித்து விளக்குக்குத் திரி. பொலியெஸ்டரைத் திரியாக்கிப் பாருங்கள். திரியாய் நின்று எரியாது, உருகி ஒழுகும்.

இதைச் சிக்கனம் என்று மட்டும் நினைத்தால் பாதிதான் விளங்கும். சீலை கைமாறும்போது அதோடு கதையும் மாறியது. எங்கள் மட்டக்களப்பில் வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குப் போகிற வழமை, குடியும் தாய்வழிதான். அதே வழியில் பெட்டகத்துக்குள் இருக்கும் கூறைச்சீலையும் போனது. இது உன்ர பெரியம்மா கலியாணத்துக்கு எடுத்தது, இது வெள்ளத்தில் நனைந்து தப்பினது, இது கொப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்தது என்று சொல்லிச் சொல்லித்தான் தாய்மார் பெட்டகத்தை வெயிலுக்குத் திறப்பார்கள். பச்சை இல்லத்துப் பச்சைச் சீலையைப் பற்றி உங்கள் மகளிடம் என்ன சொல்வீர்கள்?

அது போகும் இடமும் பெட்டகம் அல்ல. அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பிளாஸ்டிக்கைத் தின்று செத்த படங்கள் 2022இல் உலகம் முழுக்கப் போயின. கரையோர ஊர்களிலிருந்து ஏற்றிப்போய்க் கொட்டிய குப்பை அது. உலகத்தின் மறுபக்கத்தில் சிலி நாட்டு அற்றகாமா பாலைவனத்திலும் கழித்த உடுப்பு மலைமலையாய்க் கிடக்கிறது. மண் அதைத் தின்னாது, மழையும் அங்கே இல்லை. நாங்கள் கழிப்பது அவ்வளவு பெரிதில்லைத்தான். ஆனால் பழக்கம் அதே பழக்கம்.

இனி மருதமுனைக்கு வருகிறேன். கல்முனைக்கு வடக்கே, பெரியநீலாவணைக்கும் பாண்டிருப்புக்கும் இடையில், ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வயலும் நீருமாய் இருக்கும் ஊர். பிரதான வீதியால் பஸ்ஸில் போகும்போது தொங்கவிட்ட சாரங்களைக் கண்டிருப்பீர்கள். ‘மருதமுனைச் சாரம்’ என்றால் யாழ்ப்பாணத்திலும் மலைநாட்டிலும் தெரியும். அந்தப் பெயரை ஒரு கம்பனி விளம்பரம் செய்து உண்டாக்கவில்லை. தறிக்குழிக்குள் காலை விட்டு இருந்த தலைமுறைகள் உண்டாக்கின.

அந்தத் தறிகள் எப்படிக் குறைந்தன என்பது வரலாறு படிப்பிக்கும் டீச்சர்மாருக்கு நல்ல பாடம். 1970 முதல் 1977 வரை சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. துணி கூப்பனுக்கு வந்தது. பாணுக்கு வரிசையில் நின்ற அதே காலம்தான் உள்ளூர்த் தறிக்குப் பொற்காலம். நெய்த துணி தறியிலிருந்து இறங்குமுன் விலைபோனது. 1977இல் ஜே.ஆர். ஜயவர்த்தன பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். வெளிநாட்டு விசைத்தறித் துணி கப்பல் கப்பலாய் வந்தது, நாடு முழுக்கக் கைத்தறிகள் நின்றன. மறு வருடம், 1978இல், கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தார்கள். துணி நெய்த நாடு, பிறர் நெய்த துணியைப் பிறருக்காகத் தைக்கும் நாடாயிற்று. அதிலும் எங்கள் பெண்பிள்ளைகள் உழைத்தார்கள், குடும்பங்கள் நிமிர்ந்தன; அதை நான் குறைவாய்ச் சொல்லமாட்டேன். ஆனால் தைக்கிறவளுக்குத் தான் தைக்கும் உடுப்பின் ஒரு மூலை மட்டும்தான் தெரியும். நெய்கிறவருக்கு முதல் இழையிலிருந்து கடைசிக் கரைவரை தெரியும்.

பிறகு யுத்தம். நூல் லொறி கொழும்பிலிருந்து வர வேண்டும். சோதனைச்சாவடிகளைத் தாண்ட வேண்டும். 1990க்குப் பிறகு தமிழ் ஊருக்கு முஸ்லிமும் முஸ்லிம் ஊருக்குத் தமிழரும் போகப் பயந்த காலம் ஒன்று வந்தது. நெய்கிறவர் ஒரு ஊரில், உடுக்கிறவர் பக்கத்து ஊரில், இடையில் நடக்க முடியாத அரை மைல். அதையும் தறி தாங்கியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் கடல் வந்து மருதமுனையின் ஆட்களையும் வீடுகளையும் தறிகளையும் நூலையும் ஒன்றாய் வாரிக்கொண்டு போனது. உயிரோடு மிஞ்சியவர்கள் திரும்பவும் சட்டம் கோத்து நெய்தார்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபாய்ப் பக்கம் ஏறியபோது, இறக்குமதி நூலின் விலையும் சாயத்தின் விலையும் அதோடு ஏறின. இத்தனையையும் தாங்கிய தறி, நாங்கள் கடைப்பக்கம் திரும்பிக்கொண்டதைத் தாங்குமா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தறிக்கொட்டிலுக்குள் போங்கள். முதலில் கேட்பது சத்தம். மிதியை அழுத்தினால் பாவு இரண்டாய்ப் பிரியும். கயிற்றை வெடுக்கென இழுத்தால் நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பாயும். அச்சுக்கட்டையை நெஞ்சுப்பக்கம் இழுத்து ஓர் அடி. கால், வலக்கை, இடக்கை மூன்றும் ஒரே தாளத்தில். வாசற்பக்கம் ஒரு பெண் நூல் சுற்றிக்கொண்டிருப்பார். வலக்கை சில்லைச் சுழற்றும், இடக்கை விரல்களுக்கு நடுவே நூல் ஓடும். எங்கேயோ ஓர் இழை அறுந்தால் தறிக்காரர் சத்தத்திலேயே கண்டுபிடித்து நிறுத்துவார். குனிந்து, பல நூறு இழைகளுக்குள் அந்த ஒன்றைப் பிடித்து, விரல்நுனியில் முடிச்சுப் போட்டு, மிச்ச நூலைக் கிள்ளிவிட்டு, மறுகா தொடங்குவார். கண்ணாடி போட்டாலும் எங்களுக்கு அந்த முடிச்சுத் தெரியாது. தறியில் ஏறுவதற்கு முன் சாயம் போட்டு, காயவைத்து, கஞ்சி ஊட்டி, பாவு ஓட்டி, இழை இழையாய்க் கோத்த வேலை வேறு இருக்கிறது. அது வீட்டுப் பெண்களின் வேலை. கூலிக் கணக்கில் அது வருவதும் உண்டு, வராததும் உண்டு. போனால் அதையும் கேளுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். சாயம் போட்ட நூலில் நெய்த கட்டத்துக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்று இல்லை. இரண்டு முகத்திலும் ஒரே நிறம். அச்சடித்த துணியின் உள்முகம் வெளுத்திருக்கும். கைத்தறியில் கரையோரம் நூல் பிடித்தது போல் இருக்காது. கை எங்கே இளகியது, எங்கே இறுகியது என்று சின்னச் சின்ன ஏற்றத்தாழ்வு இருக்கும். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. ஆகையால் கடையில் நின்று பேரம் பேசுவதைவிடத் தறியடிக்குப் போய், நெய்கிறவரைக் கண்டு, சாரம் என்றால் மூட்டாத சாரமாய்ப் பார்த்து எடுப்பது நல்லது. மூட்டுவதை உங்கள் ஊர்த் தையற்காரியிடம் கொடுங்கள். அவருக்கும் ஒரு வேலை.

இனி நீங்கள் கேட்கப்போகும் கேள்விகள்.

‘கைத்தறி விலை கூட டீச்சர், எங்கட சம்பளத்துக்குக் கட்டுமா?’ கூடத்தான். ஒரு ஜோர்ஜெட்டோடு ஒரு கைத்தறியை ஒப்பிட்டால் கைத்தறி தோற்கும். ஒரு வருடத்து விழாச் சீலைகள் முழுவதையும் கூட்டி, அந்தத் தொகையோடு ஒரு கைத்தறியை ஒப்பிடுங்கள். கொப்பியை எடுத்து நீங்களே கூட்டிப் பாருங்கள். கணக்கு டீச்சருக்கு நான் கணக்குச் சொல்லத் தேவையில்லை.

‘எல்லாரும் எடுக்காமல் விட்டால் காத்தான்குடியிலும் கல்முனையிலும் கடை வைத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்?’ இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். கடையில் துணி மடிக்கும் பையன் எங்களிடம் படித்த பையன்தான். ஆனால் கடைக்காரர் கெட்டிக்காரர். சனம் எதைக் கேட்கிறதோ அதை வைப்பார். நீங்கள் போய்க் கைத்தறி இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கினால், மறு தவணையில் அவர் மருதமுனைக்கு ஆள் அனுப்புவார். இப்போது அவர் மும்பைக்கும் சூரத்துக்கும் சொல்லியனுப்புவது நாங்கள் அதைக் கேட்பதால்.

‘நூல் இந்தியாவிலிருந்துதானே வருகிறது, பிறகு என்ன எங்கட துணி?’ சரிதான். பருத்தி இங்கே பெரிதாய் விளைவதில்லை. இங்கே கிடைத்தது சாயம்தான்: மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டிய சாயவேர் ஒல்லாந்தர் காலத்தில் அவர்களது கம்பனியின் ஏகபோகச் சரக்கு. அந்த வேர் தந்த சிவப்பும் இப்போது யாருக்கும் தேவைப்படவில்லை. துணிக்கு வேண்டியது கடல் கடந்துதான் வருகிறது. ஆனால் அந்த நூல் எந்த அகலத்தில், எந்தக் கட்டத்தில், எந்தக் கரையோடு துணியாக வேண்டும் என்று தீர்மானிக்கிற அறிவு மருதமுனையில் இருக்கிறது. அது போனால் நூலை எந்தக் கப்பலில் கொண்டுவந்தும் பயனில்லை.

வீட்டில் இருக்கிற பொலியெஸ்டரை எரிக்கவா என்றும் ஒருத்தி கேட்பாள். வேண்டாம். 1921இல் இந்தியாவில் காந்தி சொல்லி அந்நியத் துணியைக் கொளுத்தியபோது, உடுக்கத் துணியில்லாத நாட்டில் துணியைக் கொளுத்துவதா என்று தாகூர் ஏற்க மறுத்தார். காந்தி 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்து கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கதருக்கு நிதி சேர்த்தார். இருவரும் முரண்பட்டார்கள்; ஆனால் துணி ஒரு சின்ன விஷயம் என்று இருவரில் ஒருவரும் சொல்லவில்லை. இருப்பதை உடுத்துங்கள். அலுமாரியில் இருப்பதை ஒருத்தியோடு ஒருத்தி மாற்றுங்கள். கிழிந்ததற்கு இழையோட்டுங்கள். பிய்ந்த கரையை மடித்துத் தையுங்கள். மனைப்பொருளியல் டீச்சர்மாரே, இழையோட்டுவதைப் பரீட்சைக்கு மட்டும் படிப்பியாதீர்கள். இழையோட்டிய சீலையோடு வகுப்புக்கு வாருங்கள். டீச்சரின் சீலையில் ஒரு தையலைக் காணும் பிள்ளை, தன் கிழிந்த சட்டைக்கு வெட்கப்படமாட்டாள்.

அடுத்தது பொன்னாடை. இதை நான் நெடுநாளாய்ச் சொல்ல நினைத்தேன். எங்கள் கிழக்கில் மேடையேறிய யாரும் பொன்னாடை இல்லாமல் இறங்குவதில்லை. பரிசளிப்பு விழா, நூல் வெளியீடு, வலயக் கல்விப் பணிப்பாளர் வருகை, எல்லாவற்றுக்கும் அந்தச் சரிகைத் துண்டு. போர்த்தியதும் படம்; படம் எடுத்ததும் மடித்துப் பை. அது வேர்வை துடைக்காது, குளிருக்குப் போர்க்க உதவாது, பிள்ளைக்கு விரிக்கவும் முடியாது. கௌரவித்த ஒவ்வொரு வீட்டிலும் அலுமாரியின் மேல்தட்டில் பிளாஸ்டிக் உறையோடு ஒரு கட்டு இருக்கிறது. சிலர் அடுத்த விழாவில் இன்னொருவருக்குப் போர்த்துகிறார்கள். அந்த அளவிலாவது அதற்கு ஒரு மறுபிறப்பு. அந்தக் காசுக்கு ஒரு கைத்தறித் துவாய் கொடுங்கள். கொஞ்சம் கூட்டினால் ஒரு சாரம். பெண்கள் என்றால் ஒரு சட்டைத்துணி. போர்த்திக்கொண்டு போகும் பெரியவர் மறுநாள் குளித்துவிட்டுத் துடைப்பார், உங்கள் பாடசாலையை நினைப்பார். விழாக் குழுவில் பெரும்பாலும் நீங்கள்தான் இருக்கிறீர்கள். சுற்றறிக்கை தேவையில்லாத மாற்றம் இது.

மரபு மரபு என்று மேடையில் பேசுகிறோம். துணியில்லாமல் எங்கள் மரபில் எது நடந்தது? கூத்துக் களரியில் புதிதாய் ஒருவர் வரவு ஆடும்போது இரண்டு பேர் சீலையைத் திரையாய்ப் பிடிப்பார்கள். ராசா யாரென்று தெரியுமுன் அவர் காற்சதங்கை கேட்கும். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்தால் குளிர்த்தி முடியும்வரை வெள்ளை கட்டி, நிலபாவாடை விரித்துத்தான் எல்லாம். மருதமுனைத் தறிகளுக்குக் கூப்பிடு தூரத்தில் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில். வருடாவருடம் பாரதக் கதையை நடத்தித் தீமிதிக்கும் ஊர். அங்கே கிழவிகள் சொல்லும் கதையில் துகிலுரியப்பட்ட திரௌபதைக்குக் கண்ணன் புதுச் சீலை கொண்டுவந்து கொடுக்கவில்லை. அவள் உடுத்திருந்த அந்த ஒரு சீலையைத்தான் முடியாமல் வளரச் செய்தான்.

வெள்ளை கட்டுவதைச் சொன்னேன். அதைக் கட்டுகிறவர் கட்டாடியார். தலைமுறை தலைமுறையாய் ஊரின் அழுக்கை வெளுத்து, கோயிலுக்கும் சாவீட்டுக்கும் வெள்ளை கொண்டுவந்தவர்களை ஊர் வாசலோடு நிறுத்தியது. துணியை மரபென்று கொண்டாட வெளிக்கிட்டால் இந்தக் கணக்கையும் திறக்க வேண்டும். நெய்தவர், வெளுத்தவர், தைத்தவர் எல்லாரையும் கீழே வைத்துவிட்டு, துணியை மட்டும் தூக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது மரபைப் பேணுவதாகாது. வகுப்பில் இதைப் படிப்பிக்கும்போது மழுப்பாமல் படிப்பியுங்கள்.

எழுதிவைப்பதும் உங்களால் ஆகிற காரியம். ஆனந்த குமாரசுவாமி 1905இல், மேற்கத்திய உடையை இரவல் வாங்கி உடுத்தும் இலங்கையரைக் கண்டித்துச் சிறு பிரசுரம் ஒன்று போட்டார். அதோடு நிற்கவில்லை. ஊர் ஊராய்ப் போய்க் கைவினைகளைப் பார்த்து, 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். கண்டிப் பக்கத்து நெசவு அதில் பதிவாகி இருக்கிறது. தும்பறைப் பாய் நெசவை 2021இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. மருதமுனைச் சாரம் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் ஏற்றுவது என் கையிலும் உங்கள் கையிலும் இல்லை. ஆனால் தரம் எட்டுப் பிள்ளைகளிடம் ஒரு ஒப்படை கொடுக்கலாம்: வீட்டில் உள்ள ஆகப் பழைய துணியைத் தேடு. யார் எடுத்தது, எங்கே எடுத்தது, எந்த நாளுக்கு உடுத்தது, என்ன விலை, எப்படித் தப்பியது என்று அம்மம்மாவிடம், உம்மம்மாவிடம் கேட்டு எழுது. வெள்ளத்திலும் சூறாவளியிலும் இடப்பெயர்விலும் சுனாமியிலும் படங்களும் உறுதிகளும் போன ஊர் இது. பல வீடுகளில் மிஞ்சிய ஆவணம் ஒரு துண்டுச் சீலைதான். 1978ஆம் ஆண்டுச் சூறாவளியைப் பற்றி ஒரு பிள்ளை பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட, அந்த மழையில் சாயம் இறங்கிய கூறையிலிருந்து நன்றாய்ப் படிப்பாள்.

பிள்ளைகளின் வெள்ளையையும் யோசியுங்கள். 2025ஆம் ஆண்டுக்கான இலவசப் பாடசாலைச் சீருடைத் துணி முழுவதையும் சீனா நன்கொடையாய்த் தந்தது. கஷ்டத்தில் உதவியவருக்கு நன்றி சொல்வோம். அந்தத் துணி முழுவதையும் கைத்தறியால் நெய்துவிட முடியாது என்பதும் தெரிந்ததுதான். ஆனால் தறி இருக்கும் ஊரின் பாடசாலையில் கழுத்துப்பட்டியாவது, மேடைத் திரையாவது, வாசிகசாலையின் மேசைவிரிப்பாவது அந்த ஊர்த் தறியில் நெய்ததாய் இருக்கக்கூடாதா? பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒருவர் கை தூக்கிக் கேட்டால் போதும்.

செய்ய வேண்டியதைத் திரும்பவும் ஒழுங்காய்ச் சொல்கிறேன். இந்தத் தவணை முடிவதற்குள் ஓய்வறையில் பேசுங்கள். மூத்த டீச்சர் முதலில் பேசட்டும். ஒரே நிறச் சீலை இனி இல்லை என்று தீர்மானியுங்கள். விழாவுக்கு வேண்டுமானால் எல்லாரும் தங்களிடம் உள்ள ஆகப் பழைய நல்ல சீலையை உடுத்து வாருங்கள், அந்தப் படத்தைப் பேஸ்புக்கில் போடுங்கள். கலியாணக் கூறைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. மற்றதெல்லாம் ஒரு வருடம் பொறுக்கும்.

பரிசளிப்பு விழாவுக்கு எத்தனை துவாய், எத்தனை சாரம் என்று கணக்கெடுத்து மருதமுனையில் இப்போதே சொல்லிவையுங்கள். விழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது போய் நின்றால் தறிக்காரரால் முடியாது, நீங்களும் பழையபடி பொன்னாடைக்குத்தான் ஓடுவீர்கள். நூல் வாங்க முற்பணம் கொடுங்கள். கடனுக்கு நூல் எடுப்பதால்தான் அவர்கள் கைக்கு மிச்சம் வருவதில்லை. வேலை நேர்த்தியில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். பரிதாபப்பட்டு வாங்கும் துணியை யாரும் இரண்டாம் முறை வாங்குவதில்லை. நன்றாய் இருப்பதால் வாங்கினால்தான் தறிக்காரரின் மகன் அந்தத் தறியில் இருப்பதா வேண்டாமா என்று யோசிக்கவாவது செய்வான்.

வருடம் முடிந்த பிறகு கடைக்குப் போவதும் போகாததும் உங்கள் விருப்பம். போனாலும் துணியைத் தொட்டுப் பார்த்து, திருப்பிப் பார்த்து, யார் நெய்தது என்று கேட்டுத்தான் எடுப்பீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத கடைக்காரர் அடுத்த முறைக்குள் தெரிந்து வைத்துக்கொள்வார்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கல்லாறு.